பேர் வெட்டிய குடமும் பெட்டிக்குள் பூனையும்

காலை பதினோரு மணிக்கு மேல் ஆலங்குளத்துத் தெருக்களில் அந்தக் குரல் கேட்கும். “பழைய இரும்பு, ஈயம், பித்தளை, அலுமினியம், பழைய பேப்பர்...” ஸ்பீக்கரில் பதிந்த குரல், மொபெட்டின் பின்னால் தொங்கும் சாக்குகளோடு தெருத் தெருவாகப் போகும். ஒரு காலத்தில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். இப்போது காசு, இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் வாளி.

திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் கைகள் ஒரு நிமிஷம் நிற்கும். பரணிலிருந்து ஒரு பித்தளைக் குடம் இறங்கும். தராசுக் கொக்கியில் அது தொங்கும்போது கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாகச் சில எழுத்துகள் தெரியும். ஒரு பெண்ணின் பெயர், அவள் பிறந்த ஊர், சிலதில் வருஷம். கல்யாணச் சீருக்கு வாங்கிய நாளில் பாத்திரக்கடைக்காரரே சின்ன உளியால் தட்டித் தட்டி வெட்டிக் கொடுத்த பெயர். தராசு எடையைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. குடம் சாக்குக்குள் போகும். அங்கிருந்து பழைய இரும்புக்கடை, பிறகு உருக்கு உலை.

அந்தச் சாக்குக்கும் உலைக்கும் நடுவில் குறுக்கே நிற்பதுதான் பழம்பொருள் கடை. தமிழ்நாட்டில் இந்த வியாபாரத்தின் தலைநகரம் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகக் கடைகள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து இறங்கிய தேக்குத் தூண்கள், ஸ்வீடனிலும் ஜப்பானிலும் செய்த எனாமல் பாத்திரங்கள், ரவி வர்மா அச்சுப்படங்கள், சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் தெருவரைக்கும் வழிந்து கிடக்கும். ஊர் ஊராகச் சுற்றும் தரகர்கள் இரும்புக்கடைக் குவியலைக் கிளறி, தேறுவதை எடுத்து அங்கே அனுப்புகிறார்கள். சென்னைக்காரர்களுக்கு மூர் மார்க்கெட் நினைவுக்கு வரும். 1985-ல் தீயில் போகும்வரை பழைய புத்தகமும் பழம்பொருளும் கிளியும் நாய்க்குட்டியும் ஒரே கூரையின் கீழ் விற்ற இடம் அது. பழைய சாமான்களும் வளர்ப்புப் பிராணிகளும் ஒன்றாக இருப்பது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல.

ஆலங்குளம் மாதிரி ஒரு சந்தை ஊரில் இந்தத் தொழில் நடக்கும்போது அதற்குக் காரைக்குடியின் அகலம் இருக்காது. ஒரு டெய்லர் கடை அளவு இடம், முன்னால் நார்க்கட்டில், உள்ளே மூன்று பக்கமும் அலமாரி. அலமாரியில் உருளி, கூஜா, வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, அரிக்கேன் விளக்கு, ஊறுகாய் ஜாடி. இரண்டு உருளிக்கு நடுவில், அவற்றைவிடப் பழையதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பூனை.

எலிக்கு வைத்தியம்

பூனை அங்கே அழகுக்காக வருவதில்லை. பழைய மரம், ஓலைப்பெட்டி, நார்க்கட்டில், கட்டுக் கட்டாகக் கணக்கு நோட்டு என்று எலிக்குப் பிடித்ததெல்லாம் பழம்பொருள் கடையில்தான் இருக்கிறது. ஒரே ராத்திரியில் ஒரு கடவப்பெட்டியின் விளிம்பைக் கடித்துத் துப்பிவிடும். விஷம் வைத்தால் அது எந்தப் பெட்டியின் இடுக்கிலோ போய்ச் சாகும்; நாற்றம் வந்து நாலு நாள் கழித்துத்தான் எந்தப் பெட்டி என்று தெரியும். விஷம் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனையும் போய்விடும். ஆகவே பூனை இருக்கும் கடையில் எலி மருந்து கூடாது. பூனை போதாத இடத்தில் எலிப்பொறிதான்.

நெல்லைச் சீமை வீடுகளில் நெல் கொட்டி வைக்க ஆளுயர மண் குலுக்கை இருந்த நாளில் பூனைக்கு நிரந்தர வேலை இருந்தது. பூனை மனிதரோடு ஒட்டியதே தானியத்தால்தான் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்: நெல்லுக்கு எலி, எலிக்குப் பூனை. சைப்ரஸ் தீவில் மனிதரின் பக்கத்திலேயே புதைக்கப்பட்ட ஒரு பூனையின் எலும்பு கிடைத்தது. சுமார் 9,500 ஆண்டுப் பழமை. குலுக்கை போய் ரேஷன் அரிசி மூட்டையும் பிளாஸ்டிக் டப்பாவும் வந்தபிறகு வீட்டுப் பூனைக்கு வேலை குறைந்தது. அந்தக் குலுக்கையும் இப்போது கடைக்குத்தான் வருகிறது, உடையாமல் வந்தால்.

பெரிய இடங்களும் இதே வழியில்தான் போயின. ரஷ்யப் பேரரசி எலிசபெத் 1745-ல் எலித் தொல்லைக்காகக் கசான் நகரத்திலிருந்து பூனைகளை அரண்மனைக்கு வரவழைத்தார். அந்த இடம் பின்னால் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகம் ஆனது. இன்றைக்கும் அதன் அடித்தளத்தில் பூனைகள் வாழ்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசலில் மைக் என்ற பூனை 1909 முதல் 1929 வரை இருபது ஆண்டு காவல் இருந்தது. அது செத்தபோது, அங்கே எகிப்தியப் பிரிவின் தலைவராக இருந்த வாலிஸ் பட்ஜ் அதைப்பற்றி ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். எகிப்தியப் பழம்பொருளோடு வாழ்ந்தவருக்குப் பூனைமேல் மரியாதை இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஒன்று. நேரத்துக்கு மீன் கிடைக்கும் கடைப் பூனை எலியைத் துரத்தும் என்று எழுதி வாங்க முடியாது. பல பூனைகள் எலியைப் பார்த்துக் கொட்டாவி விடும். வாசனைக்கு எலி ஓரளவு ஒதுங்கும், அவ்வளவுதான்.

பாச்சா உருண்டை வேண்டாம்

பூனை வந்தவுடன் கடையின் நடைமுறையே மாறுகிறது. முதலில் போவது பாச்சா உருண்டை. பழைய பட்டுச்சேலைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் காலங்காலமாகப் போட்டுவந்த அந்த வெள்ளை உருண்டை பூனைக்கு விஷம். கரையான், வண்டு மருந்துகளில் வரும் பெர்மெத்ரின் என்ற ரசாயனம் அதைவிட மோசம். நாய்க்குப் பூசும் உண்ணி மருந்தில்கூட இது இருக்கும். நாய் தாங்கும், பூனை தாங்காது. இந்த மாதிரிப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. அதோடு பூனை நாள் முழுக்கத் தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். தரையில் சிந்தியது, மேஜையில் துடைத்தது எல்லாம் காலில் ஒட்டி வாய்க்குப் போய்விடும். கிராம்பு எண்ணெய், யூகலிப்டஸ் எண்ணெய் என்று ‘இயற்கை’ வைத்தியம் பார்க்கலாமே என்றால், அதுவும் பூனைக்கு ஆகாது.

அப்புறம் பூச்சிக்கு என்ன வழி? வெயில்தான். அது ஆலங்குளத்தில் தாராளம். சாதாரண மரச் சாமான்களைக் கறுப்புப் பாலித்தீன் தாளில் இறுகச் சுற்றிச் சித்திரை வெயிலில் போட்டால் உள்ளே சூடு ஏறி வண்டு செத்துவிடும். வண்ணம் பூசியது, ஒட்டுவேலை உள்ளது என்றால் இந்த வழி வேண்டாம், வெடித்துவிடும். பழைய புத்தகம், நோட்டு என்றால் காற்றுப் புகாத உறையில் போட்டு ஃபிரீஸரில் இரண்டு வாரம். மீன் வைக்கும் இடத்தில் கணக்கு நோட்டா என்று வீட்டில் சண்டை வரலாம்.

பிறகு அடுக்கும் முறை. பூனை தன் உயரத்தைப்போல் ஐந்து மடங்கு தாவும். ‘இது எட்டாது’ என்று ஓர் அலமாரியே கிடையாது. அனுபவப்பட்டவர்கள் செய்வது: அடி கனமான பித்தளையும் வெண்கலமும் திறந்த தட்டில், கண்ணாடியும் பீங்கானும் கதவு போட்ட அலமாரிக்குள், விளக்குச் சிம்னி மாதிரி ஆடுவதற்கெல்லாம் அடியில் ஒரு மெழுகு உருண்டை. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சித் தட்டைக் காலியாக விட்டு அதில் ஒரு பழைய சாக்கு. உயரமான இடம் தனக்கென்று கிடைத்துவிட்டால் பூனை மற்ற இடத்தில் இறங்கிக் கலவரம் செய்வது குறையும். பெண்டுலக் கடிகாரத்துக்கு மட்டும் விதிவிலக்கு இல்லை. கண்ணாடிக் கதவு இல்லாத கடிகாரத்தின் பெண்டுலத்தை ஒருமுறையாவது கையால் தட்டிப் பார்க்காமல் எந்தப் பூனையும் விடுவதில்லை.

நகம் தீட்டுவதற்குத் தேக்குக் கட்டில் கால் அதற்கு மிகவும் பிடிக்கும். ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி வாசலில் நிறுத்தினால் கட்டில் பிழைக்கும். கடுவன் பூனைக்குக் கருத்தடை செய்யாவிட்டால் அலமாரி அலமாரியாக மூத்திரம் தெளித்து எல்லை போடும். அந்த வாடை மரத்தில் ஏறினால் இறங்காது. வாடிக்கையாளர் வந்து போகும் இடம் என்பதால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கும் கட்டாயம் போட்டுவிட வேண்டும். குழந்தைகள் கை நீட்டாமல் இருக்கமாட்டார்கள்.

1098 என்றால் ஆயிரம் வருஷமா?

பூனைக் கதை போதும். கடையில் நாளின் பெரும்பகுதி போவது பொருளைப் பார்ப்பதில்.

ஒரு வெண்கலப் பானை வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் நின்று ஒலிக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு அந்த நீளம் வராது. அப்புறம் திருப்பி அடியைப் பார்ப்பார்கள். நாற்பது வருஷம் அடுப்பில் இருந்த பாத்திரத்தின் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. புளியும் அமிலமும் தடவி, மண்ணில் புதைத்து எடுத்துப் ‘பழசு’ ஆக்கியதில் கறை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். மரப்பெட்டி என்றால் திருகாணி காட்டிக் கொடுக்கும். நட்சத்திரத் தலை திருகாணி 1930-களுக்கு முன்னால் புழக்கத்தில் இல்லை; அது இருந்தால் பெட்டி புதிது, அல்லது பிற்பாடு யாரோ கைவைத்திருக்கிறார்கள். அச்சுப்படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது வரிசை வரிசையாக ஒரே அளவுப் புள்ளி தெரிந்தால் அது கல்லச்சில் போட்ட ரவி வர்மா காலத்துப் படமல்ல, பின்னாளில் எடுத்த நகல்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது அந்த வெட்டிய எழுத்துதான். புளியும் செங்கல் பொடியும் போட்டு இரண்டு தலைமுறைப் பெண்கள் தேய்த்ததில் எழுத்து மங்கியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் நிழலில் எழுந்து வரும். அதிலும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் போதும்.

அதில் லை, ணை, னை போன்ற எழுத்துகள் துதிக்கை வளைந்த பழைய வடிவத்தில் இருந்தால், பெரும்பாலும் 1978-க்கு முற்பட்ட பாத்திரம். அந்த ஆண்டில்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. பழைய பழக்கத்தில் பிற்பாடும் சிலர் அப்படி வெட்டியிருப்பார்கள் என்பதால் ‘பெரும்பாலும்’.

வருஷத்தில்தான் பெரிய குழப்பம். “அண்ணாச்சி, 1098-ன்னு போட்டிருக்கு பாருங்க. ஆயிரம் வருசத்துக்கு முந்தினதுல்லா!” என்று ஒருவர் மூச்சு வாங்க வந்து நிற்பார். தென்காசி, நெல்லைப் பக்கத்தில் கொல்லம் ஆண்டுப் பழக்கம் நெடுநாள் இருந்தது. அதோடு 825-ஐக் கூட்டினால் நம் வழக்கத்து ஆண்டு ஏறக்குறைய வந்துவிடும். அவர் கையில் இருப்பது 1922-லோ 1923-லோ வாங்கிய குடம். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர் என்பதால் இந்த வட்டாரத்துப் பெட்டிகளில் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசும் அடிக்கடி கிடைக்கும். படி, உழக்கு, ஆழாக்கு என்று அளவைப் பாத்திரங்கள் வரும். 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, கடைகளில் லிட்டரும் கிலோவும் நுழைந்தபிறகு வேலை இழந்தவை அவை. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதைக் கடைக்கு வரும் இன்றைய பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

வாங்க வருபவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர் இடைஞ்சல். வீட்டு ஹாலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட உருளி தேடி வருவார்கள். எல்லாம் பிடித்தபிறகு, “இதுல யாரு பேரோ இருக்கே, தேய்ச்சு எடுத்துக் குடுத்திருவீயளா?” என்பார்கள். தேய்த்துக் கொடுக்கும் கடையும் உண்டு. தெரிந்த கடைக்காரர் செய்யமாட்டார். பெயரை எடுத்தபிறகு அது இத்தனை கிலோ பித்தளை, அவ்வளவுதான். பளபளப்பாக்கச் சொன்னாலும் இதே பதில். சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அந்த மங்கல் நிறத்திலேயே விடுவதுதான் முறை.

விற்க வருகிறவர்கள்

கொண்டு வருகிறவர்கள் யார் என்று பார்த்தால், ஆசைக்கு விற்பவர்கள் குறைவு. பிள்ளைக்குக் காலேஜ் பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, வீடு இடிக்கிறார்கள், பாகம் பிரிக்கிறார்கள். பித்தளையை எவர்சில்வர் தள்ளியது, எவர்சில்வரைப் பிளாஸ்டிக் தள்ளியது. கடைசியில் பரணில் மிச்சம் இருப்பது மாமியாரின் சீர்ப் பாத்திரம். அதைத் துணிப்பையில் மறைத்து எடுத்து வருவார்கள். “எங்க வீட்டுல இருந்து வந்ததுன்னு யாருட்டயும் சொல்லிராதீய” என்பது பணத்தைக் கேட்கும் முன்னாலேயே வரும் வார்த்தை. ஊருக்குள் பாத்திரம் விற்பது இன்றைக்கும் ஒரு கௌரவப் பிரச்சினை.

இங்கேதான் கடைக்காரரின் நாணயம் தெரியும். எடை விலைக்கு வாங்கிப் பழம்பொருள் விலைக்கு விற்பது இந்தத் தொழிலில் சகஜம். சகஜம் என்பதால் நியாயம் ஆகிவிடாது. விற்பவருக்கு ஒரு யோசனை: அன்றைய பித்தளை எடை விலை என்ன என்று இரண்டு பாத்திரக்கடையில் கேட்டுக்கொண்டு பிறகு போங்கள். எழுத்தோ வேலைப்பாடோ உள்ள பொருளுக்கு அதற்கு மேல்தான் பேச்சே தொடங்க வேண்டும். கைமாறும் முன்னால் அந்தப் பெயரைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடம் போனாலும் ஆச்சியின் பெயர் வீட்டில் இருக்கும்.

வாங்குகிறவரும் எழுதிக்கொள்ள வேண்டும்: என்றைக்கு, யாரிடம், என்ன பொருள், அடையாள அட்டை நகல். இது சந்தேகத்தால் மட்டுமல்ல, தற்காப்பும்தான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம். சில பாத்திரத்தில் தனிப்பெயருக்குப் பதிலாக ‘உபயம்’ என்று தொடங்கி ஒரு கோயிலின் பெயரோ ஊர்ப் பொதுவின் பெயரோ இருக்கும். என்ன விலைக்குக் கொடுத்தாலும் அதைத் தொடக்கூடாது. அது விற்க வந்தவரின் சொத்தல்ல.

சிலை என்றால் பேச்சே கிடையாது. ஆலங்குளத்துக்குத் தெற்கே, அம்பாசமுத்திரத்தை ஒட்டிய கல்லிடைக்குறிச்சிக் குலசேகரமுடையார் கோயிலில் 1982-ல் ஐம்பொன் நடராஜர் திருடு போனார். அவரை 2001-ல் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உள்ள கலைக்கூடம். 37 ஆண்டு கழித்து 2019 செப்டம்பரில் இந்தியா திரும்பினார். இத்தனை பெரிய கலைக்கூடமே, சாமி எங்கிருந்து வந்தார் என்று சரியாக விசாரிக்காமல் வாங்கித் தலைகுனிந்தது என்றால் ஒரு சின்னக் கடை என்ன ஆகும்?

சட்டம் இதில் தெளிவு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய சிற்பம், ஓவியம், நாணயம், கலைப்பொருள் எல்லாம் தொல்பொருள். இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும். அவற்றை வியாபாரம் செய்ய மத்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள் கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் குறுக்கே வரும்; பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அதனால் உரிமம் இல்லாத சின்னக் கடைகள் நூறு வருஷத்துக்கு இந்தப் பக்கத்துப் பொருளோடு நின்றுகொள்கின்றன: ரேடியோ, கடிகாரம், எனாமல், சீர்ப் பாத்திரம். போர்டில் ‘ஆன்டிக்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி, சட்டத்தின் கணக்கில், வெறும் பழசு.

இன்னொரு கூட்டம் ஐந்து ரூபாய் நோட்டோடு வரும். “யூடியூப்ல பத்து லட்சம்னு சொன்னான்.” பழைய நோட்டை, நாணயத்தைப் பெரும் விலைக்கு எடுப்பதாகச் சொல்லி முன்பணம் பறிக்கும் கும்பல்களைப்பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரிக்கை விட்டது. அதைச் சொன்னால் நோட்டுக்காரர் முகம் வாடும். ‘நமக்கு விலை தெரியலைன்னு சொல்லுதான்’ என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்.

சாரல் காலம்

ஆனி பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கினால் திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் கார்கள் கூடும். அருவிக்குப் போகும்போது யாரும் நிற்கமாட்டார்கள். திரும்பும்போது டீக்கு நிறுத்தினால், தலை துவட்டிய துண்டோடு நாலு பேர் கடைக்குள் வருவார்கள். விற்பனைக்கு நல்ல காலம். சரக்குக்குக் கெட்ட காலம். ஈரக்காற்றில் மர இழுப்பறை ஊதித் திறக்காது. படச் சட்டத்துக்குள் வெள்ளைப் பூஞ்சை எட்டிப் பார்க்கும். சுவரோடு ஒட்டி மாட்டிய படங்களை எல்லாம் பின்னால் ஒரு கட்டை வைத்துக் காற்றோட விட வேண்டும். பூனைகள் வெளியே போகாமல் ஓலைப்பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும். வந்தவர்கள் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் எடுக்கும் போட்டோ பூனையைத்தான்.

வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சரக்கைப் படம் போட்டு விற்கும் காலம் இது. தனியாக உருளியைப் போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உருளிக்குள் பூனை படுத்திருந்தால் கேள்வி வரும். முதல் கேள்வி, “பூனை என்ன விலை?”

ஜப்பானில் ராகுகோ என்று ஒரு கதை சொல்லும் கலை உண்டு. ஒருவரே உட்கார்ந்தபடி எல்லாப் பாத்திரமாகவும் பேசுவார். அதில் ‘பூனையின் தட்டு’ என்று பழைய கதை ஒன்று. ஊர் ஊராகப் போய்ப் பழம்பொருள் வாங்கும் வியாபாரி ஒருவன் வழியில் ஒரு டீக்கடையில் உட்காருகிறான். அங்கே ஒரு பூனை சோறு தின்கிற கிண்ணத்தைப் பார்த்துத் தூக்கிவாரிப் போடுகிறது. முந்நூறு பொன் பெறும் பழைய கொரியக் கிண்ணம். கிழவனுக்கு விலை தெரியவில்லை என்று நினைத்து, பூனைமேல் ஆசை வந்ததுபோல் அதை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சி, மூன்று பொன் கொடுத்து வாங்குகிறான். பிறகு மெதுவாக, “பழகின கிண்ணத்தில்தானே சாப்பிடும், அதையும் கொடுத்துவிடுங்கள்” என்கிறான். கிழவன், “அதைக் கொடுக்க முடியாது, அது விலை உயர்ந்த கிண்ணம்” என்கிறான். தெரிந்துமா அதில் பூனைக்குச் சோறு போடுகிறாய் என்று கேட்டால், “அப்படி வைத்தால்தான் அவ்வப்போது பூனை மூன்று பொன்னுக்கு விற்கிறது!”

வியாபாரியின் மடியை அதற்குள் பூனை பிறாண்டியிருக்கும் என்று சில கதைசொல்லிகள் சேர்த்துக்கொள்வதுண்டு.

இந்தத் தொழிலில் பணம் மெதுவாகத்தான் புரளும். வாங்கிய பொருள் ஆறு மாதம், ஒரு வருஷம்கூட அதே தட்டில் இருக்கும். போட்ட பணம் அதற்குள் முடங்கிக் கிடக்கும். வீட்டில் இருப்பவர்கள் “இந்தத் தகரத்தை வச்சு என்ன செய்யப் போறீய” என்று கேட்காத நாள் குறைவு. கல்யாண வீட்டுக்கோ சினிமாப் படப்பிடிப்புக்கோ வாடகைக்குப் போகும் அண்டாவும் குத்துவிளக்கும் அந்த மாதத்துக் கடை வாடகையைத் தாங்கும். மற்ற நாளில் வாசலில் நார்க்கட்டிலில் உட்கார்ந்து, போகிற மொபெட்டுகளின் சாக்கைக் கண்ணால் எடைபோட வேண்டியதுதான். வாயில் ஒரு குடத்தின் கழுத்து நீட்டிக்கொண்டு தெரிந்தால் கையைக் காட்டி நிறுத்துவார்கள். எடைக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு நடக்கும். சில நாள் படியும்.

ராத்திரி கடை அடைப்பது மற்றக் கடைகளைப்போல் இரண்டு நிமிஷ வேலை இல்லை. பூனைகளை எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் அதிர்ஷ்டம். ஒன்று குறைந்தால் தொடங்கும் தேடல்: அலமாரி உச்சி, கட்டிலுக்கு அடி, குலுக்கையின் வாய். கடைசியில் பகலில் யாருக்கோ திறந்து காட்டிவிட்டு மூடிய தேக்குப் பெட்டி. தாழ்ப்பாளைத் தூக்கினால் உள்ளே பழைய ஜமுக்காளத்தின்மேல் நீட்டிப் படுத்திருக்கும். வெளிச்சம் பட்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஷட்டரை இறக்குவார்கள்.